நாற்பத்தாறாவது பொட்டலம்

1. திரும்பி வந்த உறை

2004-ஆம் ஆண்டு அக்டோபர் 18, திங்கட்கிழமை, காலை 10 மணி 40 நிமிடம். தூறல். தலைமையாசிரியை அறையில் மூன்று இடங்களில் ஒழுகியது. வாளிகள் இரண்டுதான் இருந்தன. மூன்றாவது இடத்தில் குப்பைக்கூடையை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது தபால்காரர் ஒரு பழுப்பு உறையைக் கொடுத்தார்.

கம்பத்தை அடுத்த ஒரு உதவிபெறும் உயர்நிலைப் பள்ளியில் நான் அப்போது இளநிலை உதவியாளர். பணியில் இருபத்தொன்பதாவது ஆண்டு. அதுவரை நான் அனுப்பிய எந்தத் தாளும் கல்வி அலுவலகத்திலிருந்து திரும்பி வந்ததில்லை. இதை நான் ஆண்டுக்கு நான்கைந்து முறையாவது சொல்வேன் என்று ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு உண்டு. உண்மையில் மூன்று முறைதான்.

உறைக்குள் எங்கள் விண்ணப்பமே இருந்தது. மேலே ஒரு குறிப்பு:

'விண்ணப்பம் மாணவியின் சொந்தக் கையெழுத்தில் உள்ளதாகச் சான்றளிக்கப்பட்டுள்ளது. இக்கையெழுத்து மிகத் தெளிவாகவும் அழகாகவும் உள்ளது. எனவே இம்மாணவிக்குப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர் தேவைப்படும் காரணம் விளங்கவில்லை. திருப்பப்படுகிறது.'

தலைமையாசிரியை அதை இரண்டு முறை படித்தார்கள். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"சார், இதை எழுதுனது யாரு?"

நான் மூன்றாவது ஒழுக்கைப் பார்த்தேன்.

"கூடையைப் பாக்காதீக. அது எழுதலை."

2. பிள்ளை யார்

பத்தாம் வகுப்பு பி பிரிவு, வரிசை எண் 17, ஜன்னத். திராட்சைப் பந்தல் போட்டிருந்த அபுதாகிர் ராவுத்தரின் மகள். பேசச் சொன்னால் நிறுத்த முடியாது. எழுதச் சொன்னால் தொடங்க முடியாது.

கணக்கு வாத்தியார் கரும்பலகையில் கேள்வியை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவாள். எட்டாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில், "இந்தக் கேள்வியில ஒரு அளவு விட்டுப்போச்சு சார், இப்படியே விட்டா எத்தனை விடை வேணும்னாலும் சொல்லலாம்" என்று எழுந்து நின்றாள். விட்டுப்போனது உண்மைதான். கேள்வித்தாளை ஸ்டென்சிலில் எழுதியது நான்.

என்னோடு அவளுக்குத் தனி வழக்கு ஒன்று இருந்தது. ஒருநாள் அலுவலக ஜன்னலில் வந்து நின்றாள்.

"கிளார்க் சார், உங்க மணி நாப்பது செகண்டு லேட்டு."

"என் கடிகாரம் ரேடியோவுக்கு வச்சது."

"கடிகாரம் சரிதான் சார். நீங்க சொல்லி, ஆயாம்மா எந்திரிச்சு, சுத்தியலைத் தேடி அடிக்க நாப்பது செகண்டு. ஒம்பது நாளா எண்ணிட்டேன். முப்பத்தெட்டுக்குக் குறையலை."

அன்றிலிருந்து நாற்பது விநாடி முன்னதாகச் சொல்லத் தொடங்கினேன். யாரிடமும் காரணம் சொல்லவில்லை.

ஆனால் பேனாவைக் கொடுத்தால் அதே பிள்ளை வியர்த்துவிடும். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். வரி கோட்டை விட்டு இறங்கி, தாளின் ஓரத்தில் முட்டி நிற்கும். இரண்டரை மணி நேரத் தேர்வில் பாதிக் கேள்வியைத் தாண்ட மாட்டாள். சோம்பல் என்று தமிழம்மா தண்டனையாக எழுத வைத்தார்கள். ஒரு பாடத்தைப் பத்துத் தடவை, பிறகு இருபது தடவை. நானும் என் பங்குக்கு நான்கு கோடு போட்ட நோட்டு ஐந்து கொடுத்தேன். ஐந்தையும் நிரப்பினாள். ஐந்தாவதின் கடைசிப் பக்கம் முதல் நோட்டின் முதல் பக்கத்தைவிட மோசம்.

ஆண்டாய்வு வரும்போது மட்டும் எல்லோருக்கும் இரக்கம் வந்துவிடும். அவள் பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் அவளுடைய நோட்டுகளை ஒரு வாரத்தில் அழகாகப் பார்த்து எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அதிகாரி புரட்டிப் பார்த்து 'நன்று' என்று கையெழுத்திடுவார். மூன்று ஆண்டு, மூன்று 'நன்று'.

அந்த ஆண்டு தலைமையாசிரியை தேனியில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் வந்தார்கள். அறிவில் ஒரு குறையும் இல்லாமல், எழுதுவது மட்டும் வராத பிள்ளைகள் உண்டென்று அங்கே சொன்னார்களாம். அவர்களுக்குப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர் ஒருவரும், கூடுதலாக ஒரு மணி நேரமும் கேட்கலாமாம். வந்த மறுநாளே ராவுத்தரைக் கூப்பிட்டுப் பேசினார்கள். அவர் மகளை மதுரைக்கு அழைத்துப்போய்ச் சான்றிதழ் வாங்கி வந்தார்.

"டாக்டரு சொல்லிட்டாக சார், அறிவு ஜாஸ்தியாம். கைதான் கேக்க மாட்டேங்குதாம்" என்று என் மேசையில் வைத்தார். "என்னையவே எடுத்துக்கங்க. என் கையெழுத்து மூணு மாதிரி இருக்குன்னு பேங்குல செக்கைத் திருப்பி விட்டாக. எங்கிட்ட இருந்துதான் போயிருக்கு."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "காலாண்டுல மூணு பாடம் போச்சு. பப்ளிக்லயும் போச்சுன்னா மேக்கொண்டு அனுப்ப எனக்கு வாய் இருக்காது சார். வீட்ல இப்பவே நிப்பாட்டச் சொல்றாக. நான் ஒருத்தன்தான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

3. நான் செய்தது

விண்ணப்பப் படிவத்தில் ஒரு பகுதியை மாணவர் தம் கையால் எழுத வேண்டும். ஜன்னத் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து எழுதினாள். ஐந்து வரிக்கு நாற்பத்தேழு நிமிடம். எழுதிக் கொடுத்துவிட்டு விரல்களை உதறிக்கொண்டே வகுப்புக்குப் போனாள்.

அந்தத் தாளை நான் வெகுநேரம் பார்த்தேன். வாசிக்க முடிந்த சொற்கள் ஒன்பது. என் அலுவலகத்திலிருந்து, என் முகப்புக் கடிதத்தோடு, இப்படி ஒரு தாளா போவது? அதிகாரி என்ன நினைப்பார்? அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். அதைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, வேறு படிவம் எடுத்து, மைப் பேனாவால் பதினான்கு வரி எழுதினேன். ஓரம் விட்டு, பத்தி பிரித்து, கீழே 'ஜன்னத்' என்று அவள் பெயரையும் நானே போட்டேன். தலைமையாசிரியை என்னை நம்பிப் படிக்காமல் சான்றளித்தார்கள்.

எழுத வராத பிள்ளைக்கு எழுத வரவில்லை என்று, ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதி அனுப்பியவன் இந்தக் கல்வி மாவட்டத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

4. உத்தமபாளையம்

விண்ணப்பிக்கக் கடைசி நாள் நவம்பர் 5. உறை வந்த மறுநாளே பஸ் ஏறி உத்தமபாளையம் போய்க் கல்வி அலுவலகக் கண்காணிப்பாளரைப் பார்த்தேன். நிதானமான மனிதர். எனக்கு நாற்காலி காட்டினார்.

"பிள்ளையவே மறுபடி எழுதச் சொல்லி வாங்கிட்டு வந்துடறேன் சார்" என்றேன்.

"எப்படிங்க நம்புறது? போன வாரம் முத்து முத்தா எழுதுன பிள்ளை, இந்த வாரம் கோழி கிண்டுன மாதிரி எழுதுமா? நாளைக்கு எங்களைக் கேப்பாக. போன வகுப்புல எழுதுன பரீட்சைத் தாள், வாத்தியார் திருத்தி மார்க்குப் போட்டது, அதைக் கொண்டாங்க. கூடவே அந்த அழகான கையெழுத்து யாரோடதுன்னு ஒரு விளக்கக் கடிதம். பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க."

நியாயமான பேச்சு. ஆனால் பஸ்ஸில் திரும்பும்போதுதான் எனக்கு நினைவு வந்தது. ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத் தேர்வுத் தாள்களைக் கட்டி வைத்திருக்க வேண்டும். ஆய்வுக்குள் பீரோ சுத்தமாக இருக்கட்டும் என்று ஜூன் மாதமே பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டிருந்தேன். அறுபத்தொரு கிலோ. எடை மட்டும் நன்றாக நினைவிருந்தது.

காலாண்டுத் தாள்களைக் கேட்டால், "அடுப்புல போட்டுட்டேன் சார், மார்க்கு அப்படி" என்றாள் ஜன்னத். அவளுடைய நோட்டுகளோ எல்லாம் பக்கத்துப் பிள்ளைகளின் கையெழுத்து. நான் கொடுத்த நான்கு கோட்டு நோட்டுகளும் தமிழம்மா எழுத வைத்த தாள்களும் அதே எடையில் போயிருந்தன. பள்ளியில் நான்கு ஆண்டு படித்த பிள்ளையின் சொந்த எழுத்து ஒரு துண்டுகூட எங்களிடம் இல்லை. அத்தனை பேரும் சேர்ந்து அவ்வளவு சுத்தமாகத் துடைத்திருந்தோம்.

நடுவில் ஆயுத பூஜை விடுமுறை வந்தது. பேப்பர்காரர் ஊருக்குப் போய்விட்டார். அக்டோபர் 26-ஆம் தேதிதான் பிடிக்க முடிந்தது. பெரும்பகுதி மில்லுக்குப் போய்விட்டதாகவும், ஒன்பதாம் வகுப்புக் கட்டு ஒன்றைக் கூடலூர் ஜீப் ஸ்டாண்டில் கடலை விற்கும் அம்மாளிடம் போட்டதாகவும் சொன்னார்.

5. கூடலூர் ஜீப் ஸ்டாண்டு

ராவுத்தரும் வந்தார். மாலை நான்கரை மணி. அவருக்கு நோன்பு. ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்காரப் பெண்கள் குமுளி மலையிலிருந்து ஜீப்பில் திரும்பும் நேரம். கடலைக்கார அம்மாள் தள்ளுவண்டியில் பொட்டலங்களைக் கூம்பு கூம்பாக அடுக்கியிருந்தார். ஒரு கூம்பின் வெளியே சிவப்பு மையில் எங்கள் சமூகவியல் ஆசிரியரின் கையெழுத்து தெரிந்தது.

"ஆத்தா, இந்தப் பேப்பர் இன்னும் எவ்வளவு இருக்கு?" என்றேன்.

"இவ்வளவுதேன். இன்னியோட தீந்துச்சு. காலையிலயே சுருட்டி நிரப்பிட்டேன்."

"எனக்குப் பேப்பர் மட்டும் போதும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பேப்பர் மட்டும் விக்கிற கடை அங்கன இருக்கு, இரும்புக் கடைக்குப் பக்கத்துல. இங்கன கடலையோடதேன் பேப்பர். பொட்டலம் ரெண்டு ரூவா."

எண்ணினேன். நாற்பத்தாறு. தொண்ணூற்றிரண்டு ரூபாய் கொடுத்தேன். ராவுத்தர் தன் பையில் கைவிட்டார். நான் விடவில்லை. தாள்களை எடைக்குப் போட்டது அவரல்ல.

பெரிய துணிப்பை நிறையக் கடலையோடு இரண்டு பேர் நின்றோம். ஒருவர் நோன்பாளி. மற்றவருக்குக் கடைவாய்ப் பல் ஆடிக்கொண்டிருந்தது. பொட்டலத்தைப் பிரித்தால் கடலையைக் கொட்ட இடமில்லை. அப்போதுதான் இரண்டு ஜீப்புகள் வந்து நின்றன. ராவுத்தர் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

"ஆத்தா, எல்லாரும் ஆளுக்கு ரெண்டு எடுங்க. காசு வேணாம். தின்னுட்டுப் பேப்பரை மட்டும் இந்த சாருகிட்டக் குடுத்துருங்க."

ஒரு பெண் பொட்டலத்தை முகர்ந்து பார்த்தாள். "எலெக்சனு வருதாண்ணே?"

"இல்ல ஆத்தா. எம் மக பரீட்சைப் பேப்பரு இதுல இருக்கு."

"பரீட்சைப் பேப்பரையா கடலைக்குப் போட்டீக? யாருய்யா அந்தப் புண்ணியவான்?"

ராவுத்தர் என்னைப் பார்க்கவில்லை. அந்த நாகரிகத்துக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

இருபத்திரண்டு பெண்கள். மடியில் கடலையைக் கொட்டிக்கொண்டு தாள்களை நீட்டினார்கள். "இது வரலாறு, வேணுமா சார்?" "எனக்கு வந்தது இங்கிலீசு. ஒரே சிவப்பு. அந்தப் பிள்ளை பாசாச்சா?" "இங்கன பாருங்க, இவன் எழுத்தைப் பாத்தா எம் புருசன் நடந்து வர்ற மாதிரியே இருக்கு!" என்று ஒருத்தி ஒரு தாளை உயர்த்தினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் வாங்கிப் பார்த்தேன். கோட்டை விட்டு இறங்கி ஓரத்தில் முட்டி நின்ற வரிகள். மேலே வரிசை எண் 17. தமிழ்த் தாள். குறுக்கே தமிழம்மா சிவப்பில் எழுதியிருந்தார்கள்: 'கையெழுத்தைத் திருத்து! படிக்க முடியவில்லை!'

"இவன் இல்ல, இவ" என்றார் ராவுத்தர். "எம் மகதான்."

சிரிப்பு நின்றது. அந்தப் பெண் கையில் இருந்த இரண்டாவது பொட்டலத்தைத் தின்னாமலே பிரித்துத் தாளை நீட்டினாள். அது வேறு யாருடையதோ. ஆனாலும் நீட்டினாள்.

கடைசியில் ஜன்னத்தின் தாள்கள் இரண்டு கிடைத்தன: தமிழ் ஒன்று, அறிவியல் ஒன்று. கிடைத்த மகிழ்ச்சியில் எனக்கென்று ஒரு பொட்டலத்தைப் பிரித்து நான்கு கடலையை வாயில் போட்டேன். மூன்றாவது கடலையில் பல் உடைந்தது.

6. ஒன்று குறைகிறது

தாள்களை எண்ணினேன். நாற்பத்தைந்து. வாங்கியது நாற்பத்தாறு. மறுபடி எண்ணினேன். நாற்பத்தைந்து. ஜீப்புகளுக்கு அடியில் குனிந்து தேடினேன். டிரைவர் என்ன தொலைந்தது என்று கேட்டான். ஒரு தாள் என்றேன். "ரூவா நோட்டா சார்?" என்றான்.

"ரெண்டு கிடைச்சிருச்சுல்ல சார், போதாதா?" என்றார் ராவுத்தர்.

போதும்தான். ஆனால் கணக்குத் தாள் கிடைக்கவில்லை. தமிழும் அறிவியலும் அவளுக்கு எழுத வராது என்பதை மட்டும்தான் காட்டும். எழுதாமலே அவளுக்கு என்ன வரும் என்பதைக் காட்ட ஒன்றும் இல்லை. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. பல்தான் காரணம் என்று வீட்டில் சொன்னேன்.

மறுநாள் காலை மணி அடிப்பதற்கு நாற்பது விநாடி முன்னால் ஜன்னத் ஜன்னலில் நின்றாள்.

"கிளார்க் சார், எங்கத்தா நேத்து ஒரு பொட்டலம் எனக்குன்னு சட்டைப் பையில போட்டுட்டு வந்துட்டாக. நோன்பு தொறந்து, கஞ்சி குடிச்சிட்டு, கொறிச்சுக்கிட்டே பிரிச்சேன். என் கணக்கை நானே தின்னுருக்கேன் சார்."

உப்புப் படிந்த தாள். ஆறு கணக்குகள். ஆறும் சரியான விடை. நடுவில் வழிமுறை என்று இரண்டு மூன்று கோணல் குறிகள்தான். ஒவ்வொன்றுக்கும் அரை மார்க். கீழே கணக்கு வாத்தியார் எழுதியிருந்தார்: 'விடை சரி. வழி எங்கே?'

நாற்பத்தாறு. கணக்கு சரியாகிவிட்டது. நான் மணியடிக்கச் சொல்ல மறந்துவிட்டேன். அன்று மணி ஒரு நிமிடம் பத்து விநாடி தாமதம் என்று ஜன்னத்தான் பிறகு சொன்னாள்.

7. ஐந்து வரி

அக்டோபர் 28-ஆம் தேதி மூவரும் உத்தமபாளையம் போனோம். கண்காணிப்பாளர் முதலில் என் விளக்கக் கடிதத்தைப் படித்தார். திருப்பப்பட்ட விண்ணப்பத்தை அதன் பக்கத்தில் வைத்தார்.

"உங்க கைதான் சார். ரெண்டுலயும் 'ழ'வுக்கு வால் ஒரே நீளம்."

"ஆமா சார்."

"நல்ல கையெழுத்து. இதுக்கு மெமோ வரும்."

"வரட்டும் சார்."

பிறகு மூன்று தாள்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது என்ன கறை?"

"உப்பு சார். கடலைக் கடையில எடுத்தது."

அவர் கணக்குத் தாளைத்தான் நெடுநேரம் வைத்திருந்தார். ஒரு கணக்கைத் தானே ஒரு துண்டுத் தாளில் போட்டுப் பார்த்தார். பிறகு புதுப் படிவத்தை ஜன்னத்தின் பக்கம் நகர்த்தினார். "எம் முன்னாடி எழுதும்மா. அஞ்சு வரி."

அவள் எழுதத் தொடங்கினாள். பேனாவை அவள் பிடித்த பிடியில் விரல் நுனி வெளுத்தது. ஒரு எழுத்துக்கு நின்றாள், யோசித்தாள், வாய்க்குள் சொன்னாள், எழுதினாள். எழுதியது வேறாக இருந்தது. அடித்தாள். ராவுத்தர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல நிமிடங்களை எண்ணினேன். இருபதுக்கு மேல் எண்ண மனம் வரவில்லை.

மூன்றாவது வரியில் கண்காணிப்பாளர், "போதும்மா. வை" என்றார்.

"இன்னும் ரெண்டு வரி இருக்கு சார்."

"தேவையில்லம்மா. நான் பாத்துட்டேன்."

"அஞ்சு வரின்னு சொன்னீக சார். பாதியில எந்திரிக்கிறது பரீட்சையில தினமும் நடக்குது. இதையாச்சும் முடிச்சிர்றேன்."

அவர் மேசை விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவள் ஐந்து வரியும் எழுதினாள். அவர் அதை வாங்கி, கசங்காமல், மூன்று தாள்களுக்கும் மேலே வைத்துக் கட்டினார்.

8. செலவு

ஆணை வந்தது. மார்ச் தேர்வில் வேறு பள்ளி ஓவிய ஆசிரியர் ஒருவர் அவள் சொல்லச் சொல்ல எழுதினார். முதல் நாள் முடிந்து வந்தவர், "இந்தப் பிள்ளை சொல்ற வேகத்துக்கு அந்தக் கூடுதல் ஒரு மணி நேரம் எனக்குத்தான் சார் வேணும்" என்று கையைப் பிடித்துவிட்டுக்கொண்டார். ஐந்நூற்றுக்கு நானூற்று நாற்பத்திரண்டு. கணக்கில் தொண்ணூற்றெட்டு. அந்த இரண்டு மார்க் எங்கே போனது என்று நான் கேட்டபோது, "எழுதுனவரைக் கேளுங்க சார்" என்றாள்.

எனக்கு மெமோ வந்தது. இருபத்தொன்பது ஆண்டில் முதலாவது. நியாயமாக வந்தது.

பதினொன்றாம் வகுப்பில் கணிதப் பிரிவில் சேர மாற்றுச் சான்றிதழ் வாங்க ஜூன் மாதம் தந்தையும் மகளும் வந்தார்கள். பதிவேட்டில் மாணவர் கையெழுத்திட வேண்டும். என் பதிவேடுகளில் அதுவரை ஒரு அடித்தல் கிடையாது, ஒரு மைத்துளி கிடையாது. பேனாவைக் கொடுத்தேன். எழுபது விநாடி ஆனது. அவளுடைய பெயர் தன் கட்டத்தைத் தாண்டி, அடுத்த பிள்ளையின் கட்டத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டது. மை உலரும்வரை பார்த்துவிட்டுப் பதிவேட்டை மூடினேன். அந்த அடுத்த பிள்ளையைக் கொஞ்சம் தள்ளிக் கையெழுத்திடச் சொன்னேன்.

பள்ளி அலுவலகத்தில் இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். உதவி கேட்டுப் போகிற தாளில் கஷ்டம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதைத் துடைத்து அழகாக்கி அனுப்பினால் உதவியையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறோம். தாள்களை எடைக்குப் போடும் முன் ஒருமுறை விதியைப் படியுங்கள்.

மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த அன்று, என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த செலவுச் சீட்டை ஜன்னத் பார்த்துவிட்டாள். தலைகீழாகவே படித்தாள். கடலை 92. உத்தமபாளையத்துக்கு இரண்டு தடவை பஸ் 24. கூடலூர் பஸ் 7. நகல் 6. பல் பிடுங்கியது 60. ஆக 189.

"கூட்டல் சரி. ஆனா கணக்குத் தப்பு சார்."

"எங்கே தப்பு?"

"அதுல ஒரு பொட்டலம் நான் தின்னது." இரண்டு ரூபாய் நாணயத்தை மேசையில் வைத்துவிட்டு, அத்தாவோடு போய்விட்டாள்.

மறுத்திருக்கலாம். ஆனால் அவள் சொன்னது சரி. சீட்டில் அடித்துத் திருத்தினேன்: நூற்று எண்பத்தேழு ரூபாய்.